ரெஸ்லோவா தெருவின் சின்ன ஜன்னல்: பிராக் நகரில் ஹைட்ரிக் கால வீரர்களின் நினைவகத்தைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

முதல்முறை ரெஸ்லோவா தெருவில் நடந்தபோது அந்த ஜன்னலை நான் கவனிக்கவே இல்லை. தெரு முடிகிற இடத்தில், வில்டாவா ஆற்றங்கரையில், 'ஆடும் வீடு' என்று எல்லோரும் படமெடுக்கும் கோணல் கட்டடம் இருக்கிறது. அதைத் தேடிக் கைபேசியையே பார்த்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பின்னால் வந்த நண்பர்தான் கூப்பிட்டார்: "இங்க வாங்க, இந்தச் சுவரைப் பாருங்க." ஒரு தேவாலயத்தின் அடிச்சுவர். அதில் அஞ்சல் பெட்டிக்கு அண்ணன் போல ஒரு நீளவாட்டுத் துளை. அதைச் சுற்றிக் கல்லெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. அத்தனையும் துப்பாக்கிக் குண்டுகள் பட்ட தடம். 1942 ஜூன் 18 அன்று, நாஜி அதிகாரி ஹைட்ரிக்கைக் கொன்ற பாராசூட் வீரர்கள் உள்ளே ஒளிந்திருந்தபோது பட்டவை. இன்றுவரை பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

உள்ளே போகலாம் என்று பார்த்தால் அன்று திங்கட்கிழமை, நினைவகத்துக்கு விடுமுறை. இரண்டாம் முறை போனபோது நிலவறை வரை போனேன். ஆனாலும் பாதிதான் புரிந்தது. மூன்றாம் முறை, சம்பவங்கள் நடந்த தேதி வரிசையில் ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியாக அங்கே போனேன். அப்போதுதான் அந்த அறை முழுசாக விளங்கியது. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. பிராக் நகருக்குள் ஒரு நாள், ஹைட்ரிக் கொலைக்குப் பழியாக நாஜிகள் அழித்த லிடிட்சே கிராமத்துக்கு அரை நாள். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் தேவாலயத்தை மட்டும் பார்க்கலாம். அப்படிப் போனாலும் கீழே உள்ள கதையை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

கதைச் சுருக்கம்

1938 செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தத்தின் மூலம் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பிரிட்டனும் பிரான்சும் உண்டு. அடுத்த மார்ச்சில் மீதியையும் ஜெர்மனி விழுங்கிவிட்டது. 1941 செப்டம்பர் இறுதியில் பிராக் கோட்டைக்கு வந்து பொறுப்பேற்றவர் ரைன்ஹார்ட் ஹைட்ரிக். நாஜிக் காவல் அமைப்பின் உச்சியில் இருந்த ஆள். ஐரோப்பிய யூதர்களை அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைத்த வான்சே கூட்டத்தை 1942 ஜனவரியில் தலைமையேற்று நடத்தியவரும் அவரே. பிராகுக்கு வந்த சூட்டோடு ராணுவச் சட்டம், கைது, தூக்கு என்று தொடங்கினார்.

லண்டனில் இருந்த செக்கோஸ்லோவாக்கிய அரசு, பிரிட்டனின் உதவியோடு இவரைக் கொல்ல ஆள் அனுப்பியது. ஜோசப் கப்ச்சீக், யான் குபிஷ் என்ற இரண்டு பேர். முதலாமவர் ஸ்லோவாக், இரண்டாமவர் செக். 1941 டிசம்பர் 28 இரவு பிரிட்டனிலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் கிளம்பி, பிராகுக்குக் கிழக்கே நெஹ்விஸ்டி கிராமத்துப் பக்கம் பனியில் குதித்தார்கள். உண்மையில் குதிக்க வேண்டிய இடம் பில்சன் ஊருக்கு அருகே, நாட்டின் இன்னொரு பக்கத்தில். விமானிக்குத் திசை தப்பிவிட்டது.

ஐந்து மாதம் பல வீடுகளில் மறைந்திருந்து திட்டம் போட்டார்கள். 1942 மே 27 காலை, லிபென் பகுதியின் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஹைட்ரிக்கின் திறந்த மெர்சிடிஸ் கார் வேகம் குறைந்தபோது கப்ச்சீக் முன்னால் பாய்ந்து ஸ்டென் துப்பாக்கியின் விசையை அழுத்தினார். அது சுடவில்லை. ஹைட்ரிக் அப்போதே காரை விரட்டச் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். அவரோ நிறுத்தச் சொல்லிவிட்டுக் கைத்துப்பாக்கியோடு எழுந்து நின்றார். அந்த நொடியில் குபிஷ் வீசிய குண்டு காரின் பின்சக்கரத்தருகே வெடித்தது. காயத்தில் சீழ் பிடித்து ஜூன் 4 அன்று ஹைட்ரிக் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் நீங்கள் இடம் இடமாகப் பார்க்கப் போகிறீர்கள்.

கிளம்புவதற்கு முன்

செக் நாடு செங்கன் விசாவுக்குள் வருகிறது; ஆனால் நாணயம் யூரோ அல்ல, கொருனா. தெருவோரத்தில் "நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்" என்று வருபவர்களிடம் பணம் மாற்ற வேண்டாம். நினைவகத்தைப் பொறுத்தவரை திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. குளிர்காலத்தில் நேரமும் நாட்களும் குறையும் என்பதால், போகும் வாரத்தில் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். ஜூன் 18 அன்று தேவாலயத்தில் ஆண்டு நினைவு நிகழ்ச்சி நடக்கும். கூட்டமும் ராணுவ மரியாதையும் பார்க்க வேண்டும் என்றால் அந்த நாள் போங்கள். அமைதியாக நின்று பார்க்க வேண்டும் என்றால் அந்த வாரத்தையே தவிர்த்துவிடுங்கள்.

பிராகில் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்தான். 24 மணி நேர டிக்கெட் ஒன்று எடுத்தால் நாள் முழுக்க ஓடும். தாள் டிக்கெட் எடுத்தவர்கள் முதல் பயணத்தில் அதை இயந்திரத்தில் குத்தி நேரம் பதிக்க வேண்டும். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அபராதம் கட்டும் நம்மாட்கள் பெரும்பாலும் இதை விட்டவர்கள்தான். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள்.

பெயர் உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். செக் மொழியில் 'சி' எழுத்துக்கு 'ட்ஸ்' ஒலி. ஆங்கிலத்தில் படித்த நினைவில் பேருந்தில் "லிடிஸ்" என்று கேட்டால் ஓட்டுநர் விழிப்பார். 'லிடிட்சே' என்று கேளுங்கள்.

படி 1: வளைவு

காலையில் மஞ்சள் நிறத் தடமான 'பி' மெட்ரோவில் பால்மோவ்கா நிலையத்துக்குப் போய், அங்கிருந்து புலோவ்கா வழியாகக் கோபிலிசி போகும் டிராமில் ஏறுங்கள். டிராம் மேடேறும்போது புலோவ்கா மருத்துவமனை வரும். காயம்பட்ட ஹைட்ரிக்கைக் கொண்டுபோன மருத்துவமனை அதுதான். உயிர் பிரிந்ததும் அங்கேதான். இறங்க வேண்டிய நிறுத்தம் விகோவாடெல்னா.

ஏமாற்றத்துக்குத் தயாராக வாருங்கள். பழைய கொண்டை ஊசி வளைவு இப்போது கிடையாது. பெரிய நெடுஞ்சாலையும் அதன் இணைப்புச் சாலைகளும் நிலத்தின் அமைப்பையே மாற்றிவிட்டன. 2009 இல் வைத்த நினைவுச் சின்னம் ஒன்று சாலையோரம் நிற்கிறது: உயரமான தூணின் மேல் கைகளை விரித்து நிற்கும் மூன்று உருவங்கள். கீழே கார்கள் இரைந்துகொண்டே இருக்கும்.

இருந்தாலும் வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே நின்றால் சரிவு புரியும். ஹைட்ரிக் தங்கியிருந்த பானென்ஸ்கே ப்ரெஷானி மாளிகை நகருக்கு வடக்கே. அங்கிருந்து கோட்டைக்குப் போகும் வழியில், இறக்கத்தில் வந்து கூர்மையாகத் திரும்பும் இடம் இது. எந்த ஓட்டுநரும் பிரேக்கை மிதிக்காமல் திரும்ப முடியாது. மேலே, கார் வருவதைப் பார்த்துக் கண்ணாடியால் சைகை காட்ட மூன்றாவது ஆளாக யோசெப் வால்ச்சீக் நின்றார். பக்கத்துத் தெருக்களின் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள்: கப்ச்சீகோவா, குபிஷோவா, வால்ச்சீகோவா.

இந்த இடத்தோடு ஒரு சைக்கிளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குண்டு வீசிய குபிஷ் முகத்தில் காயத்தோடு சைக்கிளில் தப்பி, லிபெனில் நோவாக் குடும்பத்தின் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதை எடுத்துவந்தது அந்த வீட்டின் 14 வயது மகள் யிண்ட்ரிஷ்கா. ஒரு சிறுமி ஆண்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நாஜிகளின் ரகசியக் காவல்படையான கெஸ்டபோ அந்தச் சிறுமியைத் தேடியது. கடைசியில் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. சம்பவ இடத்தில் விட்டுப்போன இன்னொரு சைக்கிளையும் கைப்பையையும் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் பாட்டா கடையின் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுத்தால் ஒரு கோடி கொருனா பரிசு என்று அறிவிப்பு. ஆம், நமக்கெல்லாம் பள்ளிக்கூடச் செருப்பு விற்ற அதே பாட்டாதான். அது செக் நாட்டில் தொடங்கிய கம்பெனி.

படி 2: கோபிலிசி துப்பாக்கிச் சுடுதளம்

தேதிப்படி இது ஜூன் மாதத்திலும் அதற்குப் பிறகும் வர வேண்டியது. ஆனால் அதே டிராம் பாதையின் மறுமுனையில் இருப்பதால் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. குடியிருப்பு அடுக்குமாடிகளுக்கு நடுவில், மண்மேடுகள் சூழ்ந்த புல்வெளி. போர்க் காலத்தில் இங்கே சுமார் 550 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைப் பார்ப்பீர்கள். அரை மணி நேரம் போதும். கூட்டமே இருக்காது, நான் போனபோது நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர் மட்டும் இருந்தார்.

இந்தப் பெயர்களில் ஒன்றை மாலையில் மறுபடி சந்திப்பீர்கள்: பிஷப் கோராஸ்ட்.

படி 3: பெட்செக் மாளிகை

கோபிலிசியிலிருந்து சிவப்புத் தடமான 'சி' மெட்ரோவில் நகர மையத்துக்கு வந்து மூசியம் நிலையத்தில் இறங்குங்கள். வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் பின்புறம், 'அரசியல் கைதிகள் தெரு' என்று பொருள்படும் பெயர் கொண்ட தெருவில் கனமான கல் கட்டடம் ஒன்று இருக்கும். வங்கிக்காரர் ஒருவர் கட்டியது; கெஸ்டபோ தலைமையகமாக மாறியது; இன்று அரசாங்க அமைச்சகம். கீழ்த்தளத்தில் விசாரணைக்குக் காத்திருந்தவர்களை வெறும் சுவரைப் பார்த்து வரிசையாகப் பெஞ்சுகளில் உட்கார வைப்பார்களாம். கைதிகள் அந்த அறைக்கு வைத்த பெயர் 'சினிமாக் கொட்டகை'.

நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. வெளியே நினைவுப் பலகை இருக்கிறது. அதன் முன்னால் நின்றால் போதும். ஏனென்றால் நமக்கு வேண்டியது இந்த வாசல்தான். 1942 ஜூன் 16 அன்று இதன் வழியாகத் தானாக நடந்து உள்ளே போனவர் காரெல் ச்சுர்டா. அவரும் பிரிட்டனிலிருந்து வந்து குதித்த பாராசூட் வீரர்தான், வேறு குழு. கிராமத்தில் அம்மா வீட்டில் பதுங்கி இருந்தவர், லிடிட்சே அழிந்த செய்திக்குப் பிறகு கிளம்பி வந்துவிட்டார். பயமா, பணமா, குடும்பத்தைக் காப்பாற்றும் எண்ணமா என்று இன்றும் பேசுகிறார்கள். பரிசுத் தொகை கிடைத்தது. போருக்குப் பிறகு 1947 இல் தூக்கும் கிடைத்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று. வீரர்கள் தேவாலயத்தில் ஒளிந்திருப்பது ச்சுர்டாவுக்குத் தெரியாது. அவர் கொடுத்தது, அடைக்கலம் தந்த வீடுகளின் பெயர்களை. மறுநாள் விடியும் முன்பே ஷிஷ்கோவ் பகுதியில் மொராவெட்ஸ் குடும்பத்தின் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டு அம்மா மாரி மொராவ்ட்சோவா கழிவறைக்குப் போக அனுமதி கேட்டு, அங்கே சயனைடு விழுங்கினார். இளம் வயது மகனைச் சித்திரவதை செய்து, கடைசியில் தேவாலயத்தின் பெயரைப் பிடுங்கினார்கள். ச்சுர்டாவைத் திட்டுவதோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வீட்டின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும் என்று படுகிறது.

மதியச் சாப்பாட்டை இந்தப் பக்கமே முடித்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டாம் நாள் அலுத்துவிடும், முதல் நாள் நன்றாகவே இருக்கும்.

படி 4: தேவாலயம், வெளிப்புறம்

வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் கீழ்முனையில் இருக்கும் முஸ்டெக் நிலையத்தில் 'பி' மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கார்லோவோ நாம்யெஸ்டி. சதுக்கத்தின் பக்கம் வெளியே வந்து, ஆற்றை நோக்கி இறங்கும் ரெஸ்லோவா தெருவில் நடங்கள். சில நிமிட நடைதான். புனித சிரில், மெத்தோடியஸ் தேவாலயம் அங்கே உயரமான மேடையில் நிற்கும். 18 ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் கோயிலாகக் கட்டியது. 1930களில் ஆர்த்தடாக்ஸ் சபையின் கைக்கு வந்தது. இன்றும் வழிபாடு நடக்கும் கோயில்.

உடனே உள்ளே போகாதீர்கள். எதிர்ச்சாரியில் நின்று சுவரைப் பாருங்கள். மேலே உயரமான ஜன்னல்கள், கீழே அந்தச் சின்னத் துளை. சண்டை இந்த இரண்டு மட்டத்திலும் நடந்தது. அதிகாலை நான்கு மணி தாண்டியதும் எஸ்எஸ் என்ற நாஜிப் படையினர் நூற்றுக்கணக்கில் வந்து கட்டடத்தைச் சுற்றி வளைத்தார்கள். கப்ச்சீக், குபிஷோடு பிரிட்டனிலிருந்து வந்து குதித்த மற்றப் பாராசூட் வீரர்களும் சேர்த்து உள்ளே இருந்தது ஏழு பேர். மேலே பாடகர் மாடத்தில் காவலுக்கு மூன்று பேர்: யான் குபிஷ், அடோல்ஃப் ஓபால்கா, யோசெப் புப்லீக். கீழே நிலவறையில் நான்கு பேர்: ஜோசப் கப்ச்சீக், யோசெப் வால்ச்சீக், யான் ஹ்ரூபி, யாரோஸ்லாவ் ஷ்வார்ட்ஸ். மேலே இருந்த மூவர் சுமார் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள்.

மூவரும் விழுந்த பிறகுதான் கீழேயும் ஆள் இருப்பது உறுதியானது. இப்போது தெருவைத் தாண்டி ஜன்னலருகே வாருங்கள். படையினர் இந்தத் துளை வழியாகக் கண்ணீர்ப்புகை போட்டார்கள். அப்புறம் பிராக் தீயணைப்புப் படையை வரவழைத்துக் குழாயை நுழைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏணியால் குழாயை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஏணியையும் வெளியிலிருந்து பிடித்து இழுத்துவிட்டார்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். சில குழிகளில் சுண்டுவிரல் நுனி உள்ளே போகும். அத்தனையும் துளையை நோக்கியே குவிந்திருக்கின்றன.

ஜன்னலுக்கு மேலே நினைவுப் பலகை: ஒரு பக்கம் பாராசூட் வீரர், மறுபக்கம் பாதிரியார். பாதிரியாரை ஏன் வீரருக்குச் சமமாக வைத்தார்கள் என்று புரிய, பலகையில் உள்ள பெயர்களைப் படியுங்கள். ஒளிய இடம் தந்த விளாடிமீர் பெட்ர்ஷெக், வாட்ஸ்லாவ் ச்சிக்ல் என்ற பாதிரியார்கள், சபைப் பொறுப்பாளர் யான் சொன்னெவெண்ட், அவர்களோடு பிஷப் கோராஸ்ட். மற்றவர்களைக் காப்பாற்ற பிஷப் தானே முழுப் பொறுப்பும் என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். பலிக்கவில்லை. 1942 செப்டம்பர் தொடக்கத்தில் நால்வரையும் கோபிலிசியில் சுட்டார்கள். காலையில் நீங்கள் நின்ற அதே புல்வெளிதான். சபையையே தடைசெய்து, அதன் கோயில்களை மூடினார்கள். பிஷப்பைப் பின்னாளில் ஆர்த்தடாக்ஸ் சபை புனிதராக அறிவித்தது.

இன்னொன்று: இந்த நடைபாதையில்தான் இறந்தவர்களின் உடல்களைக் கிடத்தி அடையாளம் காட்ட வைத்தார்கள். இப்போது அதே இடத்தில் பேருந்துக்கு ஓடுகிறவர்கள் உங்களை இடித்துக்கொண்டு போவார்கள். படமெடுக்க ஓரமாக நில்லுங்கள், போக்குவரத்து அதிகமுள்ள தெரு.

படி 5: உள்ளே

நினைவகத்துக்குள் இரண்டு பகுதிகள். முதலில் கண்காட்சி அறை. ஆக்கிரமிப்பு, லண்டன் அரசு, பயிற்சி, தாக்குதல், பழிவாங்கல் என்று சுவர்களில் படங்களும் ஆவணங்களும் செக்கிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். காலையிலிருந்து இடங்களைப் பார்த்துவிட்டு வருவதால் பலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். அடைக்கலம் தந்த குடும்பங்களின் முகங்கள் வரும் பகுதியில் மட்டும் நின்று பாருங்கள். ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், ரயில்வே ஊழியர்கள். நம் தெருவில் பார்க்கும் முகங்கள் போலவே இருக்கும். உதவியவர்களும் உறவினர்களுமாக 250க்கும் மேற்பட்டோரை 1942 அக்டோபர் 24 அன்று ஒரே நாளில் மௌட்ஹௌசன் என்ற நாஜி வதைமுகாமில் கொன்றார்கள்.

அப்புறம் கனமான இரும்புக் கதவு. தாண்டினால் நிலவறை.

நுழைந்ததும் தெரிவது குளிர். வெளியே ஜூன் மாத வெயில் அடித்தாலும் கையில்லாச் சட்டையோடு வந்தவர்கள் தோளைத் தேய்த்துக்கொள்வார்கள். நீளமான, வளைந்த கூரை கொண்ட கல் அறை. இரு பக்கச் சுவரிலும் தேன்கூட்டின் அறைகள் போல ஆழமான பொந்துகள். பழைய நாளில் துறவிகளின் சவப்பெட்டிகளை உள்ளே தள்ளி வைத்த இடங்கள் அவை. வீரர்கள் படுத்து உறங்கியது அவற்றில்தான். மூன்று வாரம். குனிந்து ஒரு பொந்துக்குள் பாருங்கள்: புரண்டு படுக்கவும் இடம் இருக்காது.

ஏழு பேரின் வெண்கல மார்பளவுச் சிலைகள் அறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் பூ, நாணயம், சின்னக் கொடி, மடித்த காகிதம். இதையெல்லாம் வரிசையாகப் பார்த்து நகர்வதற்குப் பதில், மூன்று இடங்களைத் தேடிப் பிடியுங்கள்.

ஒன்று, ஜன்னல். வெளியே எட்டிப் பார்க்கும் உயரத்தில் இருந்தது, உள்ளே தலைக்கு மேலே எங்கேயோ இருக்கும். ஏணி ஏன் தேவைப்பட்டது, அது போனபின் ஏன் எல்லாம் முடிந்தது என்று அங்கே நின்றால் சட்டென்று தெரியும்.

இரண்டு, படிக்கட்டு. அறையின் முனையில் மேலே கோயிலுக்குப் போகும் படி. அதைக் கற்பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதை உடைத்துத்தான் எஸ்எஸ் படை கடைசியில் வழி திறந்தது.

மூன்று, சுவரின் அடியில் தோண்டிய பள்ளம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த நான்கு பேர் நகரச் சாக்கடைக்கு வழி தேடிச் செங்கல்லைப் பெயர்த்துத் தோண்டிய இடம். முடிக்கவில்லை. குண்டு தீர்ந்துகொண்டிருந்தபோது கடைசித் தோட்டாக்களைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். நால்வரில் ஒருவரும் உயிரோடு பிடிபடவில்லை. நிலவறையில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இந்தப் பள்ளம்தான். சிலைகள் வீரர்களைக் காட்டுகின்றன. இது பிழைக்க ஆசைப்பட்ட இளைஞர்களைக் காட்டுகிறது.

கண்காட்சிக்கும் நிலவறைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சுற்றுலாக் குழு ஒன்று உங்களோடு நுழைந்தால் நீங்கள் கண்காட்சியிலேயே பத்து நிமிடம் தாமதியுங்கள். அவர்கள் போனதும் நிலவறை காலியாகிவிடும். ஃப்ளாஷ் வேண்டாம், சிலைகளோடு தோள் போட்டுத் தற்படமும் வேண்டாம். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போவது உங்கள் முடிவு. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் ஜன்னல் கதையைச் சொல்லிக் கூட்டிப் போகலாம், நன்றாகப் புரிந்துகொள்வார்கள். மேலே கோயில் மண்டபம் எல்லா நேரமும் திறந்திருக்காது. திறந்திருந்தால் பாடகர் மாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

வெளியே வந்தால் எதிரே 'பாராசூட் வீரர்கள்' என்றே பெயர் வைத்த மதுக்கடை உண்டு. அங்கே உட்கார்வதை மரியாதைக் குறைவாகச் செக் மக்கள் நினைப்பதில்லை.

படி 6: மறுநாள், லிடிட்சே

பிராகிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கிளாட்னோ திசையில் போகும் பேருந்துகள் சில அங்கே நிற்கும். இதை விட்டுவிட்டால் கதையில் பெரிய ஓட்டை விழுந்துவிடும்.

லிடிட்சேவுக்கும் தாக்குதலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கடிதத்தை வைத்து எழுந்த சந்தேகமும், அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் பிரிட்டனில் படையில் இருந்ததும் சாக்காகப் போதுமாயின. 1942 ஜூன் 10 அன்று ஹோராக் பண்ணையின் சுவரோரம் 173 ஆண்களைச் சுட்டார்கள். பெண்களை ராவென்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளில் 82 பேர் போலந்தில் ஹெல்ம்னோ கொலைமுகாமில் விஷவாயுவில் மாண்டார்கள். வீடுகளை எரித்து, வெடிவைத்து, இடுகாட்டைக்கூடத் தோண்டி, ஊர் இருந்த தடமே தெரியாமல் நிரவினார்கள். இரண்டு வாரம் கழித்து லெஷாக்கி என்ற சிற்றூருக்கும் இதே கதி. அங்கேயாவது எதிர்ப்பியக்கத்தின் வானொலிக் கருவி இருந்தது. போருக்குப் பின் லிடிட்சேவுக்குத் திரும்பியவர்கள் 143 பெண்களும் 17 குழந்தைகளும்.

அதனால் அங்கே பார்க்க 'கட்டடம்' என்று அதிகம் இல்லை. பச்சைப் பள்ளத்தாக்கு, பண்ணையின் அடித்தளக் கற்கள், தேவாலயம் இருந்த இடம், ஆண்களின் பொதுக் கல்லறை. ஒரு ஊரின் வடிவத்தில் வெறும் புல். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் பள்ளத்தாக்கில் இறங்குங்கள். இல்லாவிட்டால் அழகான பூங்கா என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். பக்கத்தில் 1955 இல் பல நாட்டு ரோஜாச் செடிகளைக் கொண்டு அமைத்த தோட்டம் உண்டு, ஜூன் மாதத்தில் பூத்துக் குலுங்கும்.

மாரி உஹிட்டிலோவா என்ற சிற்பி இருபது ஆண்டு உழைத்து உருவாக்கிய 82 குழந்தைகளின் வெண்கலச் சிலைகள் சரிவில் நிற்கின்றன: 42 சிறுமிகள், 40 சிறுவர்கள், உண்மை அளவை ஒட்டிய உயரத்தில். வெண்கலத்தில் முழுமையாக வார்த்து நிறுத்துவதற்குள் அவர் இறந்துவிட்டார். கணவர் முடித்து வைத்தார். கூட்டமாகப் பார்த்துவிட்டு நகராமல் பக்கவாட்டில் சுற்றி வந்து ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். யாரும் அழவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் ஒருத்தி சின்னதை அணைத்து நிற்கிறாள். காலடியில் யாரோ வைத்துப்போன பொம்மைகளும் மிட்டாய்களும் மழையில் நனைந்து கிடக்கும்.

திரும்பும் பேருந்தின் நேரத்தை வந்திறங்கியதுமே நிறுத்தத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் இடைவெளி அதிகம். மேலும் ரோஜாத் தோட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே நிழல் குறைவு, கையில் தண்ணீர் இருக்கட்டும்.